கழுக்குன்றத்துக்கு நாற்பதில் சென்ற வண்டி

செங்கற்பட்டிலிருந்து கிழக்கே திருக்கழுக்குன்றம் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். இன்றைய கார்கள் பேச்சோடு பேச்சாகக் கடந்துவிடும் இந்தத் தொலைவை, 1970ஆம் ஆண்டு ஆவணி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, என் தந்தையார் 21 நிமிடங்களில் கடந்தார். வண்டி பழுதானதால் அன்று. சாலை மோசமானதால் அன்று. வண்டி புதியது. அதுவே காரணம். அந்த 21 நிமிடங்கள் எங்கள் குடும்பத்தில் நெடுநாள் பேசப்படாமலே இருந்தன. அந்தச் சாலையையும், அதன் இருபுறமும் கொலுவிருக்கும் தெய்வங்களையும், அன்று நிகழ்ந்ததையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வண்டலூரில் பிறந்த வண்டி

அக்காலத்தில் நம் நாட்டில் கார் என்றால் மூன்றே பெயர்கள்தாம். வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து அம்பாசிடர், பம்பாயிலிருந்து ஃபியட், நம் சென்னைக்கு அருகே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கத்திலிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பணம் இருந்தாலும் கடைக்குச் சென்று வாங்கிவர இயலாது. முன்பணம் கட்டிப் பதிந்து வைத்து, நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தந்தையார் திருவல்லிக்கேணியில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்திவந்தார். பல ஆண்டுச் சேமிப்போடு கடனும் சேர்த்து, காத்திருந்து, 1970 ஆவணி தொடக்கத்தில் வெளிர் நீல நிற ஹெரால்டு ஒன்றை மேற்கு மாம்பலத்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். எனக்கு அப்போது 12 வயது.

பாட்டி ஆரத்தி எடுத்தார். தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் பூஜை நடந்தது. நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, வண்டியை ஓரடி முன்னே நகர்த்தியபோது தெருவே கூடி நின்றது. அந்த வண்டியின் முன்மூடி, இருபுறத்து மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு, முழுதாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். இன்ஜின் மொத்தமும் கண்ணெதிரே தெரியும். குருக்கள் அதற்கும் ஒரு கற்பூரம் காட்டினார்.

மறுநாள் காலை தந்தையார் என்னிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்றைத் தந்தார். தேதி, புறப்பட்ட நேரம், சென்ற ஊர், மீட்டரின் எண், ஊற்றிய பெட்ரோல், ரேடியேட்டருக்கு ஊற்றிய தண்ணீர், டயரின் காற்று என்று ஏழு பத்திகள் கோடிட்டிருந்தன. அதை எழுதும் பொறுப்பு என்னுடையது. பிற்காலத்தில் வங்கியில் 35 ஆண்டுகள் பேரேடுகளோடு வாழ்ந்தவனுக்கு முதல் பேரேடு அதுதான். அது இன்றும் என்னிடம் இருக்கிறது. இக்கட்டுரையில் வரும் நேரங்களும் தூரங்களும் அதிலிருந்து எடுத்தவையே.

ஏன் நாற்பது?

இன்றைய இளைஞர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். அந்நாளில் புது வண்டியை வாங்கியவுடன் நினைத்த வேகத்தில் ஓட்டிவிட முடியாது. 'ரன்னிங்-இன்' என்று ஒரு விரதகாலம் உண்டு. எங்கள் வண்டிக்கு விதித்தது, முதல் 800 கிலோமீட்டர் வரை 40க்கு மேல் கூடாது. அதன்பின் 1,600 வரை 55க்கு மேல் கூடாது.

காரணம் எளியது. புதிய இன்ஜினின் சிலிண்டர் உட்சுவரும் பிஸ்டன் வளையங்களும் நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், அவற்றில் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருக்கும். அவை ஒன்றோடொன்று மெல்ல உராய்ந்து, மேடுகள் தேய்ந்து, ஒன்றுக்கொன்று இணங்கி அமைய வேண்டும். அதற்குமுன் வேகமாக ஓட்டினால் சூடு மிகுந்து பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளவும் கூடும். மிகவும் மெதுவாக, மேல் கியரில் முக்கி முக்கி இழுக்கவைப்பதும் தவறு. ஏற்றத்தில் கியரைக் குறைக்க வேண்டும். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போகக் கூடாது. திடீரென்று பிரேக் அடிக்கக் கூடாது. உராய்வில் உதிரும் இரும்புத் துகள்கள் எண்ணெயில் கலந்துவிடும். ஆகவே முதல் சர்வீஸில் எண்ணெயை முழுவதும் வடித்து மாற்றுவார்கள். சிலிண்டர் மூடியின் நட்டுகளை மறுபடி முடுக்கி, டாப்பெட் இடைவெளியைச் சரிபார்ப்பார்கள்.

இதையெல்லாம் பிறர் அறியும்பொருட்டு, வண்டியின் பின்கண்ணாடியில் 'ரன்னிங்-இன், பிளீஸ் பாஸ்' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். தந்தையார் தம் அச்சகத்திலேயே அதைச் சிவப்பு எழுத்தில் அச்சிட்டு ஒட்டினார். அவருக்கு இந்த விதி புதிதன்று. அச்சு இயந்திரத்தையும் இப்படித்தான் பழக்குவார்கள். "முதல் மாசம் நாம அதுக்கு அடங்கிப்போனா, அப்புறம் ஆயுசு முழுக்க அது நமக்கு அடங்கிப்போகும்" என்பார்.

விடியற்காலையில் எழுந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்ப்பார். எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து மீண்டும் விட்டு அளவு பார்ப்பார். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல், இன்ஜின் தானே சூடேறும்வரை காத்திருப்பார். அந்த நேரத்தில் விஷ்ணு ஸகஸ்ரநாமத்தில் பாதி முடிந்துவிடும்.

1,600 கிலோமீட்டரை ஓட்டி முடிக்க வேண்டும். நகர நெரிசலில் ஓட்டுவதைவிடத் திறந்த சாலையில் ஓட்டுவது இன்ஜினுக்கு நல்லது. எனவே தந்தையார் ஒரு முடிவு செய்தார். ஞாயிறுதோறும் செங்கற்பட்டுச் சீமையில் ஒரு திருத்தலம். 40 கிலோமீட்டர் வேகத்தில் சேத்திராடனம்.

மலையே மூர்த்தியான தலம்

முதல் ஞாயிறு சிங்கப்பெருமாள் கோயில். ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் கடந்ததும் இருபுறமும் புளியமரங்கள் கிளைகோத்து நிற்கும். பெருங்களத்தூர்த் தொழிற்சாலை வாசலருகே தந்தையார் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். "பொறந்தாத்தைப் பார்த்துக்கட்டும்" என்றார் பாட்டி. வாயிற்காவலர் சிரித்துக்கொண்டே கையசைத்தார்.

சிங்கப்பெருமாள் கோயில், பல்லவர் காலக் குடைவரைத் தலம். மூலவர் பாடலாத்ரி நரசிம்மர். பாடலம் என்றால் சிவப்பு, அத்ரி என்றால் மலை. ஜாபாலி முனிவருக்கு எம்பெருமான் உக்கிர நரசிம்மராகக் காட்சியளித்த இடம் என்பது தலவரலாறு. பெருமாளுக்கு இங்கே நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. அர்ச்சகர் திருநாமத்தைச் சற்றே உயர்த்தித் தீபம் காட்டும்போது அந்தக் கண்ணைத் தரிசிக்கலாம். மலையைக் குடைந்து அதிலேயே அமைந்த மூர்த்தி ஆதலால், பெருமாளை வலம்வர வேண்டுமானால் மலையையே வலம்வர வேண்டும். தாயார் அகோபிலவல்லி. நோட்டில் அன்றைய குறிப்பு: 'போக வர 88 கி.மீ. தண்ணீர் ஒரு செம்பு. வழியில் எங்களைத் தாண்டிச் சென்ற வண்டிகள் 61.' தாண்டிச் சென்ற வண்டிகளை எண்ணுவது நானாகச் சேர்த்துக்கொண்ட எட்டாவது பத்தி.

இரண்டாம் ஞாயிறு

அடுத்த வாரம் பழைய மகாபலிபுரம் சாலை வழியாகத் திருப்போரூர். கந்தசுவாமி இங்கே சுயம்பு மூர்த்தி. மண்ணில் மறைந்திருந்த முருகனைப் பனைமரத்தடியில் கண்டெடுத்துக் கோயில் எழுப்பியவர் சிதம்பர சுவாமிகள். தரிசனம் முடித்துத் திரும்பும் வழியில் கேளம்பாக்கத்தில் கிழக்கே திரும்பி, உப்பளங்களைக் கடந்து, கோவளம் சென்று, அங்கிருந்து திருவிடந்தை.

108 திவ்ய தேசங்களுள் ஒன்றான திருவிடந்தையில், ஆதிவராகப் பெருமாள் தாயாரைத் தம் மடியில் ஏந்தியபடி நின்றருளுகிறார். காலவ முனிவரின் 360 கன்னியரை நாளொன்றுக்கு ஒருவராக மணந்ததால் நித்யகல்யாணப் பெருமாள் என்று திருநாமம். என் அத்தைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அத்தை மாலை வாங்கிச் சாத்தி, அதைக் கழுத்தில் அணிந்து பிராகாரத்தைச் சுற்றிவந்தார். அடுத்த ஆண்டே திருமணம் கூடியது. அந்தப் பழைய மாலையோடு தம்பதியாக வந்து நன்றி செலுத்தினார்கள்.

மூன்றாம் ஞாயிறு

பாட்டிக்கு ஓர் ஆசை இருந்தது. எட்டு வயதில், தம் தகப்பனாரோடு மாட்டு வண்டியில் வந்து, திருக்கழுக்குன்றத்து மலைமேல் கழுகுகளைப் பார்த்தவர் அவர். 60 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். "கார் வந்ததும் போகலாம்மா" என்று பல ஆண்டுகளாகத் தந்தையார் சொல்லிவந்தார்.

நான்கு வேதங்களும் மலையாக நிற்பதால் வேதகிரி. மலைமேல் வேதகிரீஸ்வரர், அம்பிகை சொக்கநாயகி. அடிவாரத்துப் பெரிய கோயிலில் பக்தவத்சலேஸ்வரர், அம்பிகை திரிபுரசுந்தரி. மூவரும் பாடிய தலம், மாணிக்கவாசகரும் பாடியிருக்கிறார். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இங்குள்ள சங்கு தீர்த்தத்தில் சங்கு தோன்றுவது இன்றும் நடந்துவரும் அதிசயம். மலைமேல் நாள்தோறும் உச்சிவேளையில் இரு வெண்கழுகுகள் வந்து, தேசிகர் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கலை உண்டு செல்லும். சாபம் பெற்ற இரு முனிவர்கள் கழுகு வடிவில் காசியில் நீராடி, இங்கு அமுதுண்டு, ராமேஸ்வரம் செல்கிறார்கள் என்பது பெரியோர் வாக்கு. தலத்துக்குப் பட்சி தீர்த்தம் என்ற பெயரும் அதனால்தான்.

காலை 6 மணிக்குப் புறப்பட்டோம். தந்தையார், சித்தப்பா, பாட்டி, அம்மா, நான். மீட்டரில் 402. சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி ஒரு கும்பிடு. கொளவாய் ஏரிக்கரையில் இன்ஜின் ஆறப் பத்து நிமிடம், இட்லி. செங்கற்பட்டு தாண்டி ஒரு கிலோமீட்டர் போயிருப்போம், பின்சக்கரம் பஞ்சர். மாட்டின் லாட ஆணி டயரில் ஏறியிருந்தது. அந்நாளைய சாலைகளில் அது சாதாரணம். ஆனால் புது வண்டியின் சக்கர நட்டுகள் இறுகிப்போயிருந்தன. தந்தையாருக்கோ ஸ்டெப்னி மாற்றுவது அதுவே முதல்முறை. அது முடியும்போது மணி 10.45.

இன்னும் 14 கிலோமீட்டர். அதன்பின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள்.

"அண்ணா, கொஞ்சம் அறுபதுல போங்கோ. பிடிச்சுடலாம்" என்றார் சித்தப்பா.

தந்தையார் பதில் சொல்லவில்லை. பின்னிருக்கையில் அவர் தோளருகே நின்றபடி நான் வேகமுள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது 40ஐத் தொட்டது, அங்கேயே நின்றது. ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிற்று. சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார். பாட்டி கண்ணை மூடி ஜபித்துக்கொண்டிருந்தார். 11.06க்கு அடிவாரம்.

பாட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முப்பது படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். ஆனாலும் அந்த வயதுக்கு விரைவாகவே ஏறினார். உச்சிக்கு இன்னும் சில வளைவுகளே இருந்தபோது, மேலிருந்து ஒரு கூட்டம் பேசிச் சிரித்தபடி இறங்கி வந்தது. எங்களைக் கண்டதும் ஒரு பெரியவர், "இப்பத்தான் சாப்பிட்டுட்டுப் போச்சு. அஞ்சு நிமிஷம் ஆகலை" என்றார்.

சித்தப்பா தந்தையாரை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்த முகத்தை இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது.

பாட்டிதான் முதலில் பேசினார். "பட்சி போனா என்னடா, சுவாமி இருக்காரே. நட" என்று தாமே முன்னால் ஏறினார். வேதகிரீஸ்வரரின் சந்நிதியில் வெகுநேரம் நின்றார். கழுகுகளுக்குப் படைத்த பொங்கலில் எஞ்சியதைப் பிரசாதமாகத் தந்தார்கள். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம் என்னும் பல்லவர் குடைவரையில் சற்று அமர்ந்தோம். 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த டச்சுக்காரர்கள் தூண்களில் தங்கள் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நான் அவற்றை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தபோது, தந்தையார் பாட்டியிடம் மெல்லச் சொன்னது காதில் விழுந்தது: "ஆயிரத்து அறுநூறு முடியட்டும்மா. அப்புறம் ஒரே ஓட்டமா ஓடி வந்துடலாம்."

கடல்மல்லையில்

மாலை மாமல்லபுரம். சுற்றுலா வருவோர் கடற்கரைக் கோயிலையும் அர்ச்சுனன் தபசையும் கண்டு திரும்பிவிடுகிறார்கள். ஊர் நடுவே திருக்கடல்மல்லைத் திவ்ய தேசம் இருப்பதைப் பலர் அறிவதில்லை. பூதத்தாழ்வார் அவதரித்த ஊர் இது. பெருமாள் ஸ்தலசயனர், தாயார் நிலமங்கை. ஆதிசேஷப் பாயல் இல்லாமல் வெறுந்தரையில் சயனித்திருக்கும் கோலம்.

புண்டரீக முனிவர் தாமரை மலர்களைப் பெருமாள் திருவடியில் சேர்க்க விரும்பி, குறுக்கே நின்ற கடலைக் கையால் இறைத்து வற்றச் செய்ய முயன்றார். பெருமாள் ஒரு முதியவராக வந்து, "பசிக்கிறது, உணவு கொண்டு வா, அதுவரை நான் இறைக்கிறேன்" என்றார். முனிவர் உணவோடு திரும்பியபோது, அந்த மலர்களைச் சூடியபடி பெருமாள் தரையிலேயே பள்ளிகொண்டிருந்தார். அர்ச்சகர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தந்தையார் கண்மூடி நின்றார்.

இரவு வீடு திரும்பியதும் அவர் உறங்கவில்லை. கடற்காற்றின் உப்பு வண்டிக்கு ஆகாது, இரும்பை அரித்துவிடும். அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, கிணற்று நீரை வாளி வாளியாக இறைத்து அடிப்பாகம் முழுவதும் கழுவினார். பம்பரை உலரத் துடைத்துத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் மெருகேற்றினார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார்.

நடக்காத பயணம்

அடுத்த ஞாயிறு வண்டிக்கு முதல் சர்வீஸ். பிறகு புரட்டாசிச் சனிக்கிழமைகள் பெருமாள் கோயில்களில் கழிந்தன. ஐப்பசியில் அடைமழை. கார்த்திகையில் மீட்டர் 1,600ஐக் கடந்தது. பின்கண்ணாடித் தாளைத் தந்தையார் ஈரத்துணியால் ஊறவைத்துக் கவனமாக உரித்தார். மார்கழிப் பனியில் பாட்டிக்கு நெஞ்சுச் சளி. தை பிறந்ததும் என்றோம். தை போய் மாசியும் போயிற்று. பங்குனியில் பாட்டி சிவபதம் அடைந்தார்.

அந்த வண்டி ஒன்பது ஆண்டுகள் எங்களிடம் இருந்தது. ஒருமுறைகூட இன்ஜினைப் பிரிக்க நேரவில்லை. வாங்கியவர் ஒரு மெக்கானிக், "யாரு சார் இதை இப்படி வெச்சிருந்தாங்க?" என்று வியந்தார். தந்தையார் மகிழ்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1988இல் எனக்குச் செங்கற்பட்டுக் கிளையில் பணி. வங்கிக் கடனில் பிரீமியர் பத்மினி ஒன்றை வாங்கினேன். அதற்கும் ரன்னிங்-இன் விதிகள் உண்டு. அறுபதைக் கடந்த தந்தையாரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, ஒரு ஞாயிறு காலை திருக்கழுக்குன்றம் புறப்பட்டேன். செங்கற்பட்டு தாண்டி, அன்று பஞ்சரான இடத்தைக் கடந்தபோது, 18 ஆண்டுகளில் முதல்முறையாக அவர் அதைப் பற்றிப் பேசினார்.

"அன்னிக்கு அறுபதுல போயிருக்கலாம்டா. வண்டி தாங்கியிருக்கும்."

நான் கணக்கு அறிந்தவன். 14 கிலோமீட்டரை 40இல் போனால் 21 நிமிடம். 60இல் போனால் 14 நிமிடம். வித்தியாசம் ஏழு நிமிடம். எங்களுக்கு அன்று தேவைப்பட்டது ஐந்து. இந்தக் கணக்கைப் பன்னிரண்டு வயதிலேயே நோட்டின் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்திருக்கிறேன். அதை அவரும் பார்த்திருக்க வேண்டும். கால்மணி நேரம் 60இல் ஓடியதால் ஓர் இன்ஜின் கெட்டுவிடாது என்பதையும் பிற்காலத்தில் மெக்கானிக்குகளிடம் கேட்டு அறிந்திருந்தேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

மலையேறினோம். நேரம் நிறைய இருந்தது. உச்சிவேளையில் ஒரேயொரு கழுகு வந்தது. மஞ்சள் முகமும் வெண்சிறகுமாகப் பாறையில் இறங்கி, தத்தித் தத்தி நடந்துவந்து, கிண்ணத்திலிருந்து உண்டது. அலகைப் பாறையில் துடைத்துக்கொண்டு பறந்துபோயிற்று. தந்தையார் இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பி, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிரசாதப் பொங்கலில் ஒரு கவளத்தை எடுத்துப் பாறை ஓரத்தில் வைத்து, "அம்மாவுக்கு" என்றார். அவ்வளவுதான்.

இன்று

சென்ற மாதம் என் மகன் புதுக் கார் வாங்கினான். "முதல் ஆயிரம் கிலோமீட்டர் மிதமா ஓட்டணும்னு மட்டும் போட்டிருக்குப்பா" என்றான். இக்கால இன்ஜின் பாகங்கள் மிகத் துல்லியமாகக் கடையப்படுகின்றன, எண்ணெய்களும் மேம்பட்டவை. பழைய விரதத்துக்குத் தேவை இல்லை. ஆனால் சிறிது அடக்கம் இன்றும் வேண்டியிருக்கிறது.

பழைய சாலையிலேயே போகச் சொன்னேன். பெருங்களத்தூர்த் தொழிற்சாலை 1980களின் இறுதியில் கார் உற்பத்தியை நிறுத்திற்று. அவ்விடத்தில் இப்போது அடுக்குமாடிக் கட்டடங்கள். அதன்பின் மறைமலை நகரில் ஃபோர்டு கார்கள் உருவான காலமும் வந்து போய்விட்டது. புளியமரங்கள் சாலை விரிவாக்கத்தில் மறைந்தன. 2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. பாடலாத்ரி நரசிம்மர் மட்டும் அதே மலையில், அதே மூன்றாம் கண்ணோடு வீற்றிருக்கிறார்.

திருக்கழுக்குன்றத்தில் கழுகுகள் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. என் மனைவிக்கு முழங்கால் வலி. இருவரும் அடிவாரத்திலேயே பக்தவத்சலேஸ்வரரைச் சேவித்துவிட்டுச் சங்கு தீர்த்தக் கரையில் அமர்ந்தோம். மகனும் மருமகளும் மலையேறினார்கள். உச்சிவேளை வந்தபோது என்னையறியாமல் வானத்தைப் பார்த்தேன்.

தந்தையார் கடைப்பிடித்த நியமத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த 40 கிலோமீட்டர் வேகத்தினால்தான் இச்சீமையின் ஒவ்வொரு கோபுரத்தையும் ஏரிக்கரையையும் நான் கண்ணாரக் கண்டேன். கொடுத்த பொருளைப் போற்றி வைத்துக்கொள்வதும் ஒரு பக்திதான். ஆனால் நியமம் எதற்காக என்பதை அறிந்தவனே, எப்போது அதைச் சற்றுத் தளர்த்தலாம் என்பதையும் அறிவான். இதை அவர் 18 ஆண்டுகள் மனத்தில் சுமந்து கற்றுக்கொண்டார். எனக்கு ஒரே வாக்கியத்தில் கொடுத்துவிட்டுப் போனார்.

இதைப் படிக்கும் குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம். வீட்டிலுள்ள பெரியவர் ஒரு கோயிலின் பெயரைச் சொல்லி, "ஒருதரம் பார்க்கணும்" என்றால், சர்வீஸ் முடியட்டும், மழை விடட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளாதீர்கள். உச்சிக்காலத்துக்குப்பின் நடை சாத்தும் கோயில்கள் பல, காலையிலேயே புறப்படுங்கள். சுவாமி நமக்காகக் காத்திருப்பார். அவரைக் காண விரும்பும் நம் வீட்டுப் பெரியவர்களால் அவ்வளவு நாள் காத்திருக்க முடிவதில்லை.

மலையிலிருந்து இறங்கி வந்த மருமகள் என் கையில் பிரசாதத்தைத் தந்தாள். அதில் ஒரு கவளம் எடுத்துக் குளக்கரைக் கல்லில் வைத்தேன். எதற்கு என்று மகன் கேட்டான். வண்டியில் ஏறு, வழியில் சொல்கிறேன் என்றேன்.